நாகலிங்க மரத்துக்குப் பூசிய விபூதி

மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற நாகலிங்க மரம் நான் வைத்தது. தினமும் அதன் பூவைச் சிவன் கோயிலுக்கு நானே கொண்டுபோவேன். ஒருநாள் தேங்காய்ப் பருமனில் ஒரு காய் விழுந்து, மகனுடைய புதுக் காரின் கண்ணாடி நொறுங்கிவிட்டது.

மறுநாள் காலையில், "அம்மா, இன்னிக்கு என் பேர்ல அர்ச்சனை பண்ணிட்டு நிதானமா வா" என்றான். பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டதே என்று பூரித்துப்போய்க் கூடை நிறையப் பறித்துக்கொண்டு போனேன்.

திரும்பி வந்தால் மரம் துண்டு துண்டாகக் கிடக்கிறது.

"நீ இருந்தா கத்துவே. அதான் அனுப்பி வச்சேன்" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே விபூதிக்காக நெற்றியையும் நீட்டினான்.

அவன் பேரில் வாங்கிய விபூதி மொத்தத்தையும் அந்த அடிமரத்தில் பூசிவிட்டு உள்ளே போனேன்.