பொட்டு வைத்த பிரேக்

தேங்காய் எண்ணெயும் சந்தனமும் சேர்ந்து கருகினால் எப்படி மணக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். முதலில் கோயில் வாசனை போலத்தான் இருக்கும், மூக்கை நீட்டி முகரத் தோன்றும்; அப்புறம் அது தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டு இறங்கவே இறங்காது. பதிமூன்று வயதில் போடிமெட்டு மலைப்பாதையில் ஓடும் காருக்குள் அதை முகர்ந்தவன் நான். இன்றைக்கும் எங்கள் வீட்டில் சட்டியில் எண்ணெய் புகைந்தால், அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து நின்றுவிடுவேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் சூரியநெல்லியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றவன். கொழுக்குமலைக்குச் சூரியன் உதிப்பதைப் பார்க்கப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளில் ஏழு என்னுடையவை. பாறையும் பள்ளமுமான அந்தப் பாதையில் இத்தனை வருஷத்தில் என் வண்டி ஒன்றுகூட உருண்டதில்லை. காலேஜில் படித்த இஞ்சினியர்கள் என் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கை கொடுத்திருக்கிறார்கள். பிரேக் விஷயத்தில் என்னை ஏமாற்ற இனிமேல்தான் ஒருவன் பிறந்து வர வேண்டும். எல்லாம் நானே தேடிக்கொண்ட வித்தை. அது எங்கே தொடங்கியது என்பதை மட்டும் இதுவரை வெளியே சொன்னதில்லை.

அய்யா, அதாவது எங்கள் அப்பா, சூரியநெல்லி முக்கில் டீக்கடை வைத்திருந்தார். எஸ்டேட் ஆபீசில் இருந்த ஒரு கிளார்க் மாற்றலாகிப் போகும்போது தன்னுடைய பழைய வெள்ளைக் காரை அய்யாவுக்கு விற்றுவிட்டுப் போனார். எங்கள் சனத்தில் கார் வைத்திருந்த முதல் ஆள் அய்யாதான். அவர் அதை வாங்கியது ஊர் சுற்ற அல்ல. செல்வி அக்கா முதல் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அதற்கு முந்தின மழைக்காலத்தில் எஸ்டேட் லைன் வீட்டுப் பெண் ஒருத்தி, வலி எடுத்து, ஜீப் கிடைக்காமல், பாதி வழியிலேயே போய்ச் சேர்ந்ததை அய்யா கண்ணால் பார்த்திருந்தார். "எம்புள்ளைய நானே கொண்டுபோயிப் போடி ஆஸ்பத்திரியில சேப்பேன், எவன் வண்டிக்கும் காத்துக் கெடக்க மாட்டேன்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வண்டியின் முன் பிரேக்கோ "கீச்" என்று கத்தும். வண்டி பூப்பாறையில் நின்றால் சூரியநெல்லிக்குக் கேட்கும் என்று கேலி பேசுவார்கள். சக்கரத் தட்டைக் கவ்வி நிறுத்துகிற பேடு தேய்ந்து தகடு தெரிகிறது என்று போடி வர்க்‌ஷாப்பில் சொல்லி, வண்டியை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். அய்யா விடவில்லை. ஒரு மத்தியானம் முழுக்க அங்கே நின்று, வேறொரு காருக்கு மேஸ்திரி பேடு மாற்றுவதைப் பார்த்து மனத்தில் வாங்கிக்கொண்டு, புதுப் பேடு அட்டைப் பெட்டியோடு மலையேறி வந்துவிட்டார். "ரெண்டு போல்ட்டு கழட்டி மாட்டற சோலி. இதுக்குப் போயி வண்டிய விட்டுட்டு வரணுமாக்கும்?" பெருமையடிப்பது எங்கள் ரத்தத்தில் வருவது; நான் மட்டும் தனியாகக் கற்றுக்கொண்டதல்ல.

மறுநாள் ஆயுத பூஜை. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு வீட்டிலுள்ள கத்தி, மண்வெட்டி, ஸ்பானர், ஜாக்கி என்று இரும்பு எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, துரு ஏறாமலும் பார்க்க மினுக்காகவும் இருக்கத் தேங்காய் எண்ணெய் தேய்த்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமி படத்தின் முன்னால் அடுக்குவார்கள். வைத்ததை விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். அதுவரை யாரும் தொடக் கூடாது. அந்த வருஷம் அந்த வேலை முழுவதையும் அய்யா என்னிடம் விட்டார். எனக்குத் தலை கால் புரியவில்லை. அம்மாவின் அரிவாள்மணை வரைக்கும் எண்ணெய் போட்டேன். கடைசியாக அட்டைப் பெட்டியைப் பார்த்தேன். இந்தப் பூஜையே இதற்காகத்தானே, அக்காவைக் கொண்டுபோகிற சாமான் இதுதானே என்று தோன்றியது. பெட்டியைத் திறந்து நாலு பேடுகளையும் எடுத்து, கரும்பலகை போல வறண்டிருந்த பக்கத்தில் மற்றவற்றைவிடத் தாராளமாக எண்ணெயை ஊற்றித் தேய்த்தேன். குடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி ஊற்றினேன். ஒவ்வொன்றின் முதுகிலும் பொட்டு வைத்து, பெட்டியில் பழையபடி அடுக்கி, விளக்குக்கு நேரே வைத்தேன்.

விஜயதசமி காலையில் முற்றத்தில் ஜாக்கி போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன் சக்கரங்களைக் கழற்றிச் சாய்த்து வைத்தார் அய்யா. பெட்டியைத் திறந்ததும் பொட்டைப் பார்த்துச் சிரித்தார். "பொட்டெல்லாம் வச்சிருக்க! எலே, புதுச் சாமான் எப்படி மினுங்குது பாரு" என்று துணியால் சந்தனத்தைத் துடைத்து, பழைய பேடு இருந்த இடத்தில் செருகினார். அடுத்ததை எடுக்கக் கையை நீட்டும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டு வந்து எடுத்துக் குடு. மேஸ்திரி சொன்னாரு, இதுல ஒரு சொட்டு எண்ண பட்டாலும் தூக்கித் தூரப் போட்டுரணுமாம். ஆளக் கொன்னுருமாம்."

நான் போய்க் கையைக் கழுவினேன். திரும்பி வந்து மீதி மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அடிக்குப் பயந்தேன், அது ஒன்று. அக்கா வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அது இன்னொன்று. மாசமாக இருக்கிற பெண் காதில் கெட்ட சொல் விழக் கூடாது என்று அம்மா அந்த மாதம் முழுக்க எங்கள் வாயைக் கட்டி வைத்திருந்தாள், நாய் செத்துக் கிடக்கிறது என்று நான் சொன்னதற்கே, "வாயக் கழுவுல, புள்ளத்தாச்சி முன்னால என்ன பேச்சு!" என்று மண்டையில் குட்டியவள். விஜயதசமியும் அதுவுமாக, சாமிக்கு வைத்து எடுத்த சாமானில் எமன் இருக்கிறான் என்று எப்படிச் சொல்வது? சாமியே பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அன்றைக்கு அய்யா முக்கு வரைக்கும் சமதரையில் ஓட்டிப் பார்த்தார். "கீச்" போய்விட்டது. "கொஞ்சம் வழுக்கற மாதிரி இருக்கு, புதுசுல்ல, பழகிரும்" என்றார். நானும் அதையே பிடித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் விடிந்ததும் அக்காவைப் போடி ஆஸ்பத்திரியில் சேர்க்கக் கிளம்பினோம். மழை விட்டிருந்தது, பனிமூட்டம் விடவில்லை. முன்னால் அய்யாவும் அம்மாவும். பின்னால் அக்காவும் நானும். பின் சக்கரத்துக்குக் கொடுக்கிற கட்டையை நான் யாரும் கேட்காமலே எடுத்து வந்து காலடியில் வைத்திருந்தேன். பூப்பாறை இறக்கத்தில் முதன்முதலாக அந்த வாசனை வந்தது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்: "பூசை வாசம் இன்னும் போகல பாருங்க. சாமி கூடவே வருது." அக்கா வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தாள். நான் கட்டையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

போடிமெட்டு செக்போஸ்டில் வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நின்றது. அங்கே நின்றிருந்த ஜீப் டிரைவர் ஒருவர் ஜன்னலில் தலையை விட்டு, "என்ன அண்ணாச்சி, உள்ள அபிசேகம் நடக்குதா?" என்று கேட்டார். அய்யா, "நேத்து நானே மாட்டுன பேடு, சாமிக்கு வச்சு எடுத்தது" என்றார். ஜீப்காரர் முகத்தில் சிரிப்பு மாறியது. "பாத்து, சூதானமாப் போங்க. பதினேழு வளைவு இருக்கு" என்றார். சொல்வதென்றால் அப்போது சொல்லியிருக்கலாம். வண்டி நின்றிருந்தது, வாயும் என்னுடையதுதான்.

முதல் வளைவில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வளைவில் அய்யாவின் பிடரி நரம்பு புடைத்ததைப் பார்த்தேன். பிரேக் மிதி கல்லாக நின்றது, வண்டி மட்டும் நிற்கவில்லை. கியரைக் குறைத்தார், இஞ்சின் அலறியது. வாசனை இப்போது கோயில் வாசனையாக இல்லை. "என்னங்க, மெதுவாப் போங்க" என்றாள் அம்மா. எனக்கு ஒரே ஒரு பொய்தான் வாயில் வந்தது. "அய்யா, வாந்தி வருது, நிப்பாட்டுங்க" என்றேன். "பொறுல" என்றார். அந்தக் குரலை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை.

அடுத்த வளைவுக்குக் கீழே பனிமூட்டத்துக்குள் பஸ் ஹாரன் கேட்டது. அய்யா இரண்டு காலாலும் மிதித்து, கைபிரேக்கை இழுத்து, வண்டியை மலைச் சுவரோடு சாய்த்தார். பாறையில் தகரம் கிழிகிற சத்தம் நெடுக வந்தது. வாய்க்காலுக்குள் ஒரு சக்கரம் இறங்கி, வண்டி ஒருக்களித்து நின்றது. பஸ் எங்களை உரசாமல் உரசிக்கொண்டு போய் மேலே நின்றது. மறு பக்கத்தில், பனிக்குக் கீழே, தரையே கிடையாது.

எல்லாரும் இறங்கினோம். அம்மா அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அய்யா புகைந்துகொண்டிருந்த சக்கரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, உள்ளே விரலை விட்டு, சூட்டையும் பொருட்படுத்தாமல் தொட்டு முகர்ந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அவர் கேட்டது என் காதில் மட்டும்தான் விழுந்தது.

"எத்தன சொட்டுல?"

"நெறைய அய்யா."

விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்து அம்மாவிடம் போனார். "ஏங்கையில எண்ண இருந்துருக்கு. பாக்காம மாட்டிட்டேன்" என்றார்.

அதற்குள் அக்காவுக்கு வலி கண்டுவிட்டது. பின்னாலேயே இறங்கி வந்த அந்தச் செக்போஸ்ட் ஜீப்காரர்தான் ஏற்றிக்கொண்டு போனார். முந்தல் அடிவாரத்தில், ஜீப்புக்குள்ளேயே, தேவி பிறந்தாள். வெகுநேரம் அவள் அழவே இல்லை என்று அம்மா சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அய்யா அதன்பிறகு ஸ்டியரிங் பிடிக்கவில்லை. நசுங்கிய காரை வந்த ஆளுக்குத் தள்ளிவிட்டார். கடையில் கேலி ஓயவே இல்லை. "அண்ணாச்சி, டீயில எண்ண மிதக்குதே, பிரேக்குக்கு ஊத்துனது மிச்சமா?" என்பார்கள், அவரும் கூடச் சிரிப்பார். அக்கா மாமனார் வீட்டில்தான் யாரும் சிரிக்கவில்லை. "பொண்ணையும் புள்ளையையும் கொல்லப் பாத்த மனுசன்" என்று சொல்லி, ஆஸ்பத்திரியிலிருந்தே கூட்டிக்கொண்டு போய், மூன்று வருஷம் அவளை அனுப்பவில்லை. பேத்தியை அய்யா முதன்முதலில் தூக்கியபோது அவள் ஓடியாடிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டு பயந்து அழுதாள். அக்காவும் அய்யாவிடம் அதற்கப்புறம் அளந்துதான் பேசினாள். நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இருந்தேன். பள்ளிக்கூடத்தை விட்டுப் போடி வர்க்‌ஷாப்புக்கு வேலைக்குப் போன அன்று, பஸ் ஏறும்போது அய்யா, "கையக் கழுவிட்டுத் தொடு" என்றார். அந்த விஷயத்தில் அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

அய்யா போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. டீக்கடை இருந்த இடத்தில் டூரிஸ்டுகள் தங்கும் மாடிக் கட்டடம் நிற்கிறது. கேலி பேசிய ஆட்களில் பாதிப் பேர் இல்லை; ரோட்டையும் அகலமாக்கிவிட்டார்கள். கேலி மட்டும் அய்யா பேரில் இன்னும் இருக்கிறது. என் ஷெட்டில் ஆயுத பூஜைக்கு ஸ்டியரிங்குக்கும் பானெட்டுக்கும் பொட்டு உண்டு, சக்கரத்துப் பக்கம் ஒரு துளி எண்ணெய் கூடாது. முதலாளிக்குக் கிறுக்கு என்று டிரைவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் தேவி வந்திருந்தாள். அவளுடைய காருக்கு முன் பேடு மாற்ற வேண்டும். ஏழு ஜீப்புக்கு ஆள் வைத்திருந்தாலும் அவள் வண்டியை நான்தான் தொடுவேன். முற்றத்தில் நான் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுவதைப் பார்த்துச் சிரித்தாள். "போதும் மாமா, தோல் உரியப் போகுது. நீங்க என்ன தாத்தாவா, பிரேக்குக்கு எண்ண தேச்சுக் குளிப்பாட்ட?"

"தாத்தா இல்ல. நான்தான்" என்றேன்.

அவள் சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. முழுவதையும் சொன்னேன். "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தலையாட்டினேன், இல்லை என்று. அவள் போனை எடுத்து, அக்காவுக்கு அடித்து, என் காதில் வைத்தாள்.

அக்காவுக்கும் சொன்னேன். "அப்ப நான் அய்யாகிட்ட..." என்று தொடங்கினாள். முடிக்கவில்லை, போனையும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. அவள் எழுந்து போகவில்லை. நானும் வைக்காமல் நின்றேன், தேவி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு உள்ளே போகும் வரைக்கும்.

போனை அழுத்திப் பிடித்ததில் கை வியர்த்துப் பிசுபிசுத்தது. பேடுகள் இன்னும் பெட்டியில்தான் இருந்தன. குழாயடிக்குப் போய் மறுபடி சோப்பை எடுத்தேன்.