நெட்டிலிங்கத்துக்கு ஒட்டாத லேபிள்

கிடங்கில் அவளுக்கு இரண்டு பெயர்கள். கூட வேலை செய்தவர்கள் 'பட்டையக்கா' என்றார்கள். சரக்கு இறக்க வந்த வியாபாரிகள் 'முட்டுக்கட்டை' என்றார்கள். இரண்டாவது பெயர் காதில் விழும்போதெல்லாம், "கட்டை போட்டாத்தான் வண்டி பள்ளத்துல உருளாம நிக்கும்" என்பாள்.

மூலிகை மருந்து தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் கிடங்கு அது. தகரக் கூரை, சுவர் நெடுக எண் போட்ட இரும்புத் தட்டுகள், வாசலில் பெரிய தராசு, அதற்குப் பக்கத்தில் அவளுடைய மர முக்காலி. வரும் மூட்டையைப் பிரித்துப் பார்த்து, சீட்டில் சொன்னதுதான் சாக்கில் இருக்கிறது என்று அவள் கையெழுத்துப் போட்ட பிறகே சரக்கு உள்ளே போகும். மாடியில் ஆய்வகம் ஒன்றும் இருந்தது. ஆனால் ஆய்வகத்துக்குப் போவது ஒரு கைப்பிடி. அவள் கைக்கு வருவது முழு மூட்டை.

வேலைக்குச் சேர்ந்தபோது அவள் கூட்டுகிறவள். இருபத்தாறு வயது. சரக்கு உலர்த்தும் களத்தில் சிந்திக் கிடக்கும் பட்டை, வேர், கொட்டை எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிக் குப்பையில் கொட்டச் சொன்னார்கள். அவள் கொட்டவில்லை. ஒரு வாரம் சேர்த்து, பதினோரு குவியலாகப் பிரித்துக் கிடங்கு மேற்பார்வையாளர் முன்னால் வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார். பதினோரு குவியலில் ஒன்றுகூட மாறிப்போகவில்லை. "யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார். "தொடப்பம்" என்றாள். அடுத்த மாதம் முக்காலி அவளுக்கு வந்தது. இருபத்திரண்டு வருடம் அதில் உட்கார்ந்தாள்.

அந்த நிறுவனத்தின் பெயர் பெற்ற மருந்து அசோகப்பட்டைக் கஷாயம். மாதப்போக்கு கட்டுக்கடங்காமல் போகும் பெண்கள் வாங்குவது. ஊரில் அசோக மரம் எது என்று கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் பள்ளிக்கூடச் சுவரோரம் விறைப்பாக வரிசையில் நிற்கும் மரத்தைக் காட்டுவார்கள். அது நெட்டிலிங்கம். உண்மையான அசோகம் குட்டையாகக் கிளை பரப்பி, கொத்துக் கொத்தாகச் செம்மஞ்சள் பூ பூக்கும். மெதுவாக வளரும், எளிதில் கிடைக்காது. நெட்டிலிங்கமோ தெருவுக்குத் தெரு நிற்கும். பெயர் குழம்பினால் போதும், வியாபாரிக்குக் கொண்டாட்டம்.

அந்த இருபத்திரண்டாவது வருடம் கொள்முதலுக்குப் புதிய அதிகாரி வந்தார். ஆளை வேலையைவிட்டு அனுப்பும்போதுகூடச் சிரித்த முகம் மாறாது என்பதால் அவருக்கு 'சிரிப்பு சார்' என்று பெயர் விழுந்தது. அவர் வந்த மூன்றாம் மாதம் அறுபது மூட்டை அசோகப்பட்டை வந்து இறங்கியது. சிரிப்பு சாரே தராசுப் பக்கம் வந்து நின்றார்.

அவள் முதல் மூட்டையின் வாயைப் பிரித்தாள். மேலே இருந்தது நல்ல பட்டை. வெளிப்புறம் கருமை கலந்த சாம்பல், சிறு சிறு மருக்கள், உள்பக்கம் செம்மண் நிறம். நுனியைக் கடித்தாள். நாக்கை இழுத்துப் பிடித்தது. பிறகு முழங்கை வரை கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தாள். உள்பக்கம் வெளிறிய மஞ்சள். கடித்ததும் துப்பினாள். பத்து மூட்டையை அடிவரை பிரித்தாள். பத்தும் அப்படியே.

"சார், இது நெட்டிலிங்கம். மேல மட்டும் அசோகம் தூவியிருக்காங்க."

"லேப்ல பாஸ் ஆயிடுச்சும்மா" என்று சிரித்தார் அவர். "உன் நாக்கு லேபைவிடப் பெருசா?"

"லேபுக்குப் போனது மூட்டையோட வாய். நான் பார்த்தது வயிறு."

"எல்லாமே பட்டைதானே. காய்ச்சின பிறகு எந்த மரம்னு யாருக்குத் தெரியப் போகுது?"

"குடிக்கிறவங்க உடம்புக்குத் தெரியும் சார்."

கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டாள். ஆனால் அதற்கு மேலே, கொட்டை எழுத்தில், 'இது நெட்டிலிங்கப் பட்டை. ஏற்கவில்லை' என்று எழுதிவிட்டுப் போட்டாள். சிரிப்பு சார் சீட்டை வாங்கிப் படித்தார், சிரித்தபடியே நாலாகக் கிழித்தார். கார்பன் தாளைக் கண்டுபிடித்தவன் இவரைப் போல ஒருவரிடம் வேலை பார்த்திருக்க வேண்டும். அடியில் இருந்த மஞ்சள் நகலை அவள் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் அவளைக் கிடங்கிலிருந்து லேபிள் ஒட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். அறுபது மூட்டைக்கும் வேறு யாரோ கையெழுத்துப் போட்டார்கள்.

லேபிள் பிரிவு நீளமான மேசை. எதிரும் புதிருமாகப் பன்னிரண்டு பெண்கள். பாட்டில் வரும், துடைத்து ஒட்டித் தள்ள வேண்டும். மூன்று வாரம் அவளும் வாயைத் திறக்காமல் ஒட்டினாள். நாலாவது வாரம் கஷாய பாட்டில்கள் வந்தன. தொகுதி எண்ணைப் பார்த்தாள். கிடங்கைவிட்டு வந்த பிறகும், எந்தச் சரக்கு எந்தத் தொகுதிக்குப் போனது என்பதைப் பழைய ஆட்களிடம் கேட்டு வைத்திருந்தாள். லேபிள் கட்டைத் தள்ளி வைத்தாள், கையைக் கட்டிக்கொண்டாள்.

எதிரில் இருந்தவள் பதறினாள். "அக்கா, பாட்டில் தேங்குது, ஒட்டுங்க."

"அசோகம்னு அச்சடிச்சிருக்கு. உள்ள இருக்கிறது அசோகம் இல்ல. நான் ஒட்ட மாட்டேன்."

"உங்களுக்கு ஏன்க்கா வீண் வம்பு? நாம என்ன டாக்டரா?"

"எழுதப் படிக்கத் தெரிஞ்சவ. அது போதும்."

பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மேசையில் நின்றன. சிரிப்பு சார் இறங்கி வந்தார். பதினைந்து நிமிடத்தில் அவள் கையில் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு இருந்தது. அதையும் முழுக்கப் படித்துப் பார்த்து, 'ஒழுங்கீனம்' என்ற சொல்லின் கீழே கோடு போட்டு, "இதுக்குக் காரணம் எழுதலையே சார்" என்று கேட்டுவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

அவள் கணவர் தச்சர். இழைப்புளியைக் கீழே வைக்காமலே கதையைக் கேட்டார். "மரம் பொய் சொல்லாது. விக்கிறவன்தான் சொல்வான்" என்றார். பிறகு மெதுவாக, "நீ சொல்ல வேண்டியதைச் சொல்லிட்ட. இதோட விடும்மா. மலையோட மோதினா மண்டைதான் உடையும்" என்றார். அவளும் விட்டுவிடத்தான் நினைத்தாள். இரண்டு மாதம் விட்டும் பார்த்தாள்.

அப்போதுதான் அவள் நாத்தனார் வந்தாள். துணிக்கடையில் பத்து மணி நேரம் நின்றே வேலை பார்க்கிறவள். முகம் வெளுத்து, படியேறுவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள்.

"என்னடி இது கோலம்?"

"நிக்கவே மாட்டேங்குது அண்ணி. டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துட்டுக் கர்ப்பப்பையில கட்டி இருக்குன்னாங்க. ஆபரேஷனாம். ஏன் இவ்வளவு நாள் கழிச்சு வந்தேன்னு திட்டுறாங்க."

"ஏன்டி முன்னாடியே போகலை?"

"உங்க கம்பெனி மருந்தைத்தான் குடிச்சுட்டு இருந்தேன். நல்லதுன்னு நீங்கதானே முன்னாடி சொன்னீங்க?" என்று பையிலிருந்து காலி பாட்டிலை எடுத்து வைத்தாள்.

அவள் தொகுதி எண்ணைப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தாள். அதே எண்.

மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் நகரத்தின் மறு கோடியில் இருந்தது. மஞ்சள் நகல், காலி பாட்டில், பணிநீக்க உத்தரவு மூன்றையும் எடுத்துக்கொண்டு போனாள். முன்மேசை எழுத்தர் நல்ல மனிதர், குரலைத் தாழ்த்தி, "பெயர் போடாம எழுதிக் குடுங்கம்மா. உங்களுக்குத் தொந்தரவு வராது" என்றார்.

"மொட்டைக் கடுதாசி எழுத நான் என்ன ஊர் பேர் இல்லாதவளா? மருந்துக்குப் பொய்ப் பேர் போட்டதாலதானே சார் இங்க வந்திருக்கேன்" என்று, தன் முழுப் பெயரையும் முகவரியையும், இருபத்திரண்டு வருடம் என்ன வேலை பார்த்தாள் என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுத்தாள்.

பதினோராம் நாள் சோதனைக்கு வந்தவர் ஒரு பெண் ஆய்வாளர். புகார் கொடுத்தவளையும் கூட அழைத்து வந்திருந்தார். காவலாளி அவளை மட்டும் நிறுத்தப் பார்த்தார். "அவங்க என்கூட வர்றாங்க" என்றார் ஆய்வாளர். கிடங்கில் அசோகப்பட்டைத் தட்டில் நாலு மூட்டை நல்ல பட்டை அடுக்கியிருந்தது. சிரிப்பு சார் அதைக் காட்டிச் சிரித்தார்.

அவள் தட்டைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். இருபத்திரண்டு வருடம் கூட்டியும் பிரித்தும் பழகிய கண். பின்சுவரோரம், காலி டின்கள் அடுக்கியிருந்த இடத்தில், சிமெண்டுத் தரையில் மஞ்சள் துகள் கோடாகக் கிடந்தது. "அந்த டின்னையெல்லாம் நகர்த்தச் சொல்லுங்க மேடம்" என்றாள். பின்னால் பத்தொன்பது மூட்டை இருந்தது.

"இதெல்லாம் கழிவுச் சரக்கு" என்றார் சிரிப்பு சார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிரிக்காமல் சொன்னார்.

ஆய்வாளர் மூட்டையிலும் பாட்டிலிலும் மாதிரி எடுத்து முத்திரை வைத்தார். ஏழு வாரத்தில் அறிக்கை வந்தது. மூட்டையில் இருந்தது நெட்டிலிங்கம். கஷாயத்தில் இருக்க வேண்டிய அசோகச் சத்து இல்லை. அந்தத் தொகுதி முழுவதையும் கடைகளிலிருந்து திரும்பப் பெற உத்தரவாயிற்று. சிரிப்பு சார் 'சொந்தக் காரணங்களுக்காக' விலகினார் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

உடனே மாலை போட்டு அவளை வரவேற்றார்கள் என்று நினைத்தால் தவறு. மருந்து திரும்பி வந்ததில் லேபிள் பிரிவு ஒன்றரை மாதம் மூடிக் கிடந்தது. பன்னிரண்டு பெண்களும் வீட்டில் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி தெருவில் அவளைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் போய் நடந்தாள். அது அவளுக்கு வலித்தது. ஆனாலும் ஓடிப்போய்ச் சமாதானம் சொல்லவில்லை. செய்தது தப்பு என்று தோன்றினால்தானே சமாதானம்?

நாத்தனாருக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அவள் கட்டிலோரம் உட்கார்ந்து இவள் சொன்னாள்: "நல்ல பட்டையா இருந்திருந்தா உன் கட்டி கரைஞ்சிருக்கும்னு நான் சொல்ல மாட்டேன்டி. ஸ்கேன்தான் மொதல்ல பார்த்திருக்கணும். ஆனா மேல எழுதினது உள்ள இருக்கணும். அதுக்குத்தான் சண்டை போட்டேன்."

நிர்வாகம் அவளைக் கூப்பிட்டது. முதலாளியின் மகன் பேசினார், மரியாதையாகவே பேசினார். "வேலையத் திருப்பித் தர்றோம். வெளியில போய்ப் புகார் பண்ணினதுக்கு ஒரு வரி வருத்தம் எழுதிக் குடுங்க. சம்பிரதாயத்துக்குத்தான்."

"எனக்கு வருத்தம் இருக்கு சார். ரெண்டு மாசம் சும்மா இருந்துட்டேனேன்னு. அதை வேணும்னா எழுதித் தர்றேன்."

அவர் காகிதத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார். அவள் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனாள். பதினான்கு மாதம் நடந்தது. அதுவரை கணவரின் பட்டறையில் உப்புத்தாள் தேய்த்தாள். மலை, மண்டை என்று சொன்ன அதே மனிதர் ஒரு வாய்தாகூடத் தவறாமல் வந்து வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தீர்ப்பு அவள் பக்கம். பழைய வேலை, பழைய இடம், வருத்தக் கடிதம் கிடையாது.

திரும்பிச் சேர்ந்த அன்று மதியம், தெருவில் எதிர்ப்பக்கம் போன அந்த லேபிள்காரி தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, என் அக்காவுக்கும் ரொம்பப் போகுதாம். நம்ம கஷாயம் வாங்கித் தரலாமா?" என்று கேட்டாள்.

"மொதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. ஸ்கேன் எடுக்கச் சொல்லு. அதுக்கப்புறம் அவங்க குடிக்கலாம்னு சொன்னா, பாட்டில்ல இருக்கிற தொகுதி எண்ணை எனக்கு வந்து சொல்லு."

"நீங்க பார்த்துச் சொன்னா போதும்க்கா."

"நான் சொன்னாலும் ஏன்னு கேளுடி" என்றாள் அவள். பிறகு வெளியே காத்துக்கொண்டிருந்த வண்டிக்காரரைப் பார்த்து, மூட்டையை இறக்கச் சொன்னாள்.