சாகமாட்டேன் என்ற தளபதி

கதை சொல்லி ஆட்டம் நடத்துகிறவனுக்குக் கூலி கிடையாது, ஏச்சு மட்டும் உண்டு. நாலு பேரைக் கூட்டி வைத்து எதையாவது நடத்திப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

எண்பதுகளில் மதுரை திருநகரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் ஒரு விளையாட்டுப் புத்தகத்தை விட்டுப்போனான். ஆளுக்கொரு வேஷம். நான் கதை சொல்வேன். அவரவர் என்ன செய்யப்போவதாகச் சொல்கிறார்களோ, அது பலிக்குமா என்பதைத் தாயக்கட்டை தீர்மானிக்கும். ஞாயிறு மத்தியானம் ஆட வந்ததெல்லாம் என்னிடம் டைப் படித்த, வேலை கிடைக்காத பட்டதாரிகள்.

கோட்டை மதில்

வாடிப்பட்டி முருகேசன் அரசு வேலைக்கு விடாமல் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தவன். அவனுக்குத் தளபதி வேஷம். முதல் நாளே மதில் ஏறும்போது தாயம் கைவிட்டது. தளபதி அகழியில் விழுந்து முதலைக்கு இரையானான். கட்டை பாய் ஓரத்தில் தட்டிவிட்டது, செல்லாது என்றான் முருகேசன். போனால் போகிறதென்று திரும்ப உருட்டவிட்டேன். அதுவும் சரியாக விழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கத்தினான்:

“என் ஆளு சாகமாட்டான்ணே! வேணும்னா ஒங்க கோட்டை இடிஞ்சு விழட்டும்!”

கண்ணீர் அஞ்சலி

கீழவாசல் ஜவுளிக்கடை வீட்டுப் பையன் சலீமுக்கு வைத்தியர் வேஷம். வைத்தியர் ராஜாவுக்கு வந்த பாலைத் தானே குடித்துப் பார்த்து விஷத்தில் செத்தார். சலீம் முகம் சுண்டிப்போனது. மதுரையில் யார் செத்தாலும் சுவரில் போஸ்டர் உண்டே! சார்ட் பேப்பரில் ‘கண்ணீர் அஞ்சலி’ எழுதி இன்ஸ்டிடியூட் சுவரில் ஒட்டினோம். எந்த வேஷம் செத்தாலும் அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. அந்த முதல் போஸ்டரை உற்றுப் பார்த்த சலீம் சிரித்துவிட்டான்.

“போட்டோதான் இல்ல, ஒரு மீசையாச்சும் வரைஞ்சு விடுங்கப்பா!”

அரண்மனை உத்தியோகம்

கோபித்துக்கொண்டு போன முருகேசன் ரொம்ப நாள் கழித்து வந்தான். கடைசிப் பரீட்சையும் போய், வயது வரம்பும் தாண்டியிருந்தது. “தளபதி வேணாம்ணே, அரண்மனையில ஏதாச்சும் ஒரு உத்தியோகம் குடுங்க” என்றான்.

கணக்கர் வேலை கொடுத்தேன். வெள்ளத்தில் ஆற்றைக் கடக்கும்போது தாயம் மறுபடி கைவிட்டது. கணக்கர் போய்விட்டார். இன்றைக்கும் ரகளைதான் என்று பயந்தேன். அவனோ தானே பிரஷ்ஷை எடுத்து அஞ்சலி எழுதினான். “மாப்ள பக்குவப்பட்டுட்டான்ணே” என்றான் சலீம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. முருகேசன் போஸ்டருக்குப் பசை தடவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னான்:

“இவனுக்காச்சும் நாலு பேரு கூடி நிக்கிறீங்க. எனக்கு வயசு முடிஞ்ச அன்னைக்கு, வீட்டுல ஒருத்தரும் சோறு திங்கக்கூடக் கூப்புடல மாப்ள.”

அவனைத் தோற்கப் பழக்கியது என் ஆட்டம்தான் என்று அதுவரை நானும் மார்தட்டிக்கொண்டிருந்தேன்.