சிவப்பு விளக்கு இருந்த மூலை

அலுவலகத்தில் அவளுக்கு ‘உஷ் அக்கா’ என்று பெயர். படை திரட்டி, நகரம் கட்டி, எதிரியோடு மோதும் கணினி விளையாட்டுகளில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அவள் வேலை. விளையாட்டே தெரியாத யாரையாவது கூட்டி வந்து ஆடவிட்டு, பின்னால் நின்று பார்ப்பாள். அப்போது ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. ஜாடைகூடக் காட்டக் கூடாது. ஒருமுறை தொண்டையைச் செருமிய முதலாளியையே வெளியே அனுப்பிவிட்டாள். அவருக்கு அது இன்னும் ஆறவில்லை.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் அவளுடைய அப்பா. டிக்கெட் இயந்திரத்தின் முன்னால் முழி பிதுங்கி நின்று, பின்னால் வரிசை முணுமுணுக்க, “எனக்குத்தாம்மா தெரியல” என்று மகளிடம் தலைகுனிந்தவர். அந்தத் திரையைக் கோணல்மாணலாகச் செய்துவைத்த புண்ணியவான் எங்கேயோ நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்திருப்பான். அந்த ஆத்திரத்தில்தான் இந்த வேலைக்கே வந்தாள்.

இன்று சோதனை அவளுடைய புதுத் திரைக்கு. பழைய திரையில் சந்தைக்கடை மாதிரி அடைந்து கிடந்ததையெல்லாம் வழித்தெறிந்திருந்தாள்.

“ஆட வர்றவங்க தலைநகரம் விழாம ஆடி முடிச்சா உன் திரை. விழுந்தா பழசுதான். நீயும் வேற இடம் பாத்துக்க,” என்று கறாராகச் சொல்லிவிட்டு, முதலாளி அவள் பக்கத்திலேயே வந்து நின்றார்.

ஆட வந்தவள் ஒரு பல் டாக்டர். கடகடவென்று வயல் போட்டாள், மதில் கட்டினாள். உஷ் அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அதற்குள் எதிரிப்படை வடக்கு எல்லையைத் தாண்டியது. திரையின் மேல்மூலையில் எச்சரிக்கைச் சிவப்பு விளக்கு மின்னியது. பொத்தான்களெல்லாம் கீழே இருந்ததால் டாக்டரின் கண்ணும் கீழேயே இருந்தது.

“இங்க ஒரு தோட்டம் வெச்சா அழகா இருக்கும்ல?” என்று தனக்குத்தானே பேசிக்கொண்டாள், மகராசி.

உஷ் அக்கா அந்த மேல்மூலையையே பார்த்தாள். ஒரு இருமல் போதும், ஆள் நிமிர்ந்துவிடுவாள், வேலை தப்பிவிடும். முதலாளி ஓரக்கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இருமல் தொண்டைவரை வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

தலைநகரம் தீப்பிடித்தது.

டாக்டர் முகம் செத்துத் திரும்பினாள். “சாரிங்க. எனக்குத்தான் தெரியல.”

அப்பாவின் அதே வார்த்தை. உஷ் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. “நீங்க ஒரு தப்பும் பண்ணல மேடம். தப்பு என்னுது. கண்ணு போகாத எடத்துல விளக்க விட்டு வெச்சிருக்கேன்.”

“அப்ப பழசுதான்,” என்றார் முதலாளி.

“பழசுலயும் விளக்கு அதே மூலைலதான் சார். வருஷக்கணக்கா பாத்துப் பழகின கண்ணு, நம்ம யாருக்குமே உறைக்கல. எல்லாத்தையும் மாத்தின நான் அத மட்டும் தொடல.”

அவள் விளக்கைப் பொத்தான்களுக்கு நடுவில் இறக்கி வைத்து, டாக்டரை இன்னொருமுறை ஆடச் சொன்னாள். எதிரிப்படை மறுபடியும் எல்லையைத் தாண்டியது.

“ஐயோ, வடக்க வரான்!” என்று அலறிக்கொண்டே டாக்டர் படையைத் திருப்பினாள்.

“நாளைக்கு நீ...” என்று முதலாளி ஆரம்பித்தார்.

“உஷ்!”

அவர் வாயை மூடிக்கொண்டார். தானாகவே வெளியே போய், சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.