முகத்துவாரம் திறந்த நாள்

கழிச்சேற்றின் வாசனை பட்டால் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா நினைவுக்கு வந்துவிடுகிறாள்.

எண்பதுகளில் ஓர் ஐப்பசி. அண்ணனின் கட்டுமரம் தினமும் கடலிலிருந்து வெறுமையாகத் திரும்பியது. வீட்டில் கஞ்சிக்கே தட்டுப்பாடு. அக்கா அரியாங்குப்பம் ஆற்றுக்கழியில் இறால் பிடித்துப் பிழைப்பவள். கடலில் பிறக்கும் இறால், குஞ்சாகக் கழிக்குள் வந்து, சேற்றில் மேய்ந்து வளர்ந்து, மணல் அடைத்த முகத்துவாரத்தை மழைவெள்ளம் திறந்ததும் கடலுக்கே போய்விடும். அந்த வாயில் அவள் வலை கட்டினால் எங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

வெள்ளம் அந்த மணலை உடைத்த அன்று சண்டை போடத்தான் ஓடினேன். அவளோ கட்டிய வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“மூஞ்சியப் பாரு, சண்டைக்கு வந்தியா?” என்று சிரித்தாள். “சின்னதுல நான் புடிச்சாச்சு. பெருசானது ஒங்கண்ணன் வலைக்குப் போவட்டும்.”

அவள் கூடையும் அன்று காலிதான். ஓர் உயிர் இரண்டு நீரில் வாழ்வதால்தான் இரண்டு வீடுகள் வாழ்கின்றன என்று அப்போது புரிந்தது.

“நிக்காத, ஓடு. விடிஞ்சதும் அவர கடலுக்கு அனுப்பு.”