முன்னால் நடந்தவன்

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். யாரிடமும் சத்தியம் செய்ய எனக்குப் பொறுமையில்லை. 2019 ஏப்ரலில், பட்டப்பகலில், என் கண்ணால் பார்த்தது இது.

பர்மாவில், யாங்கோனிலிருந்து நானும் தங்கை சாந்தியின் கணவர் முரளிதரனும் ஜீப்பில் பக்கோக்கு ஊர்ப்பக்கம் போயிருந்தோம். கரடுமுரடான பாதையில் வண்டி ஓட்டுவது எங்கள் பைத்தியம். தங்கைக்கு எட்டாவது மாதம். "அவரப் பத்திரமா கொண்டாந்து சேத்துடுண்ணே" என்று யாங்கோன் அலோன் பேட்டையில் வீட்டு வாசலில் கண்கலங்கச் சொல்லியிருந்தாள். ஜீப், மிங்கலாடோன் பேட்டைத் தரகரிடம் முந்தின வருஷம் வாங்கிய பழையது. முன்பம்பர் மட்டும் புதிது. இடது கதவு உள்ளிருந்து திறக்காது.

பகல் 12.05. வறண்ட ஆறு. கரைக்குக் கரை கொதிக்கும் மணல். நடுவில் ஈரமணல் இருந்தால் வண்டியை விழுங்கிவிடும். அதனால் ஒருவர் கழியால் குத்திப் பார்த்தபடி முன்னே நடக்க, அவர் காலடித் தடத்திலேயே வண்டி ஓட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். நான் சுற்றிப்போய் முரளிதரனுக்குக் கதவைத் திறந்துவிட்டேன்.

"வெயில் மண்டையப் பொளக்குது மச்சான்."

"பேசாம நடங்க மாப்பிள்ளை."

12.20. சூறைக்காற்று. கண்ணாடி முழுக்கப் புழுதி. அடங்கியதும் பார்த்தேன். முன்னால் நடந்துகொண்டிருந்தார். பின்தொடர்ந்தேன்.

நடை வேகமாக இருந்தது. கழி மணலில் படவே இல்லை. ஹாரன் அடித்தேன். திரும்பவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. நெருங்கினேன்.

அப்போதுதான் மணலைக் கவனித்தேன்... காலடித் தடமே இல்லை.

சட்டென்று நின்றார்.

12.31. தொம்!

பிரேக்கை மிதித்தேன். முன்சக்கரம் எதன்மேலோ ஏறி... இறங்கியது.

ஐயோ, சாந்தி...

"மச்சான்! நிறுத்துங்க!"

குரல் பின்னாலிருந்து வந்தது. முரளிதரன் மூச்சிரைக்க ஓடிவந்தார். காற்றடித்தபோது ஓரமாக ஒதுங்கி முகத்தைப் பொத்தி உட்கார்ந்தவரை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

"யாரு பின்னால போனீங்க?"

வண்டிக்கு அடியில் ஒன்றுமில்லை. நாலடி முன்னால் மணல் ஈரமாகப் பளபளத்தது. முரளிதரன் ஒரு கல்லை எறிந்தார். சத்தமில்லாமல் உள்ளே போனது.

சுற்றிக்கொண்டு அக்கரை சேர்ந்தோம். அங்கே டீக்கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னோம். மூன்று வருஷத்துக்கு முன் அதே இடத்தில், முன்னால் நடந்தவன்மேல் பின்னால் வந்த வண்டியே ஏறிவிட்டதாம். யாங்கோன் ஜீப். ஓட்டியவன் நிற்காமல் போய்விட்டான். செத்தவன், கடைக்காரரின் தம்பி.

"அந்த ஜீப்புல இடது கதவு உள்ளேருந்து திறக்காது" என்றார் பர்மிய மொழியில். "தம்பி வழி பாக்க மணல்ல இறங்க, நான்தான் வெளியிலேருந்து திறந்துவிட்டேன்."

முரளிதரன் டீயைக் கீழே வைத்தார். வாசலில் நின்ற எங்கள் ஜீப்பை நான் திரும்பிப் பார்க்கவில்லை.