கயிறு இழுத்தவளுக்கு முதல் தட்டு

பொங்கல் கழிந்த மறுவாரம், வெள்ளிக்கிழமை காலை. சங்கரன்கோவில் ஸ்டேஷனில் நானும் என் மனைவி கோமதியும் விருதுநகர் வண்டியில் ஏறினோம். கலியாணமாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு ராமேஸ்வரம் போய்வர மூன்று நாள் லீவு கிடைத்திருந்தது. தீவு என்பதைப் பூகோளப் புத்தகத்தில் படித்ததோடு சரி. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். ஆகவே எதையும் விசாரித்து, திட்டம் போட்டுச் செய்வதுதான் என் வழக்கம்.

ராமேஸ்வரத்துக்கும் ஒரு திட்டம் போட்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் ராமேஸ்வரம் போய்த் தீர்த்தமாடியவர்கள் ஊர் திரும்பி, வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடும் வரை கவிச்சி தொடமாட்டார்கள். கடலுக்கு நடுவே போய் மீன் சாப்பிடாமல் வருவதா? ஆகவே முதல் இரண்டு நாள் மீன், மூன்றாம் நாள் தீர்த்தம். அம்மாவிடம் இந்த வரிசையை நான் சொல்லவில்லை.

ராஜபாளையம் தாண்டியதும் கோமதி ஜன்னலைப் பார்த்தபடி பேசினாள். அவள் வாசுதேவநல்லூர்க்காரி, குளத்து மீன் தின்று வளர்ந்தவள்.

"இந்த மூணு நாளும் நான் அடுப்புப் பக்கம் போக மாட்டேன்."

"சரி."

"எனக்கு யாராவது வெளம்பணும். நான் மொதல்ல உக்காந்து, சூடா, வயிறு நெறைய மீனும் சோறும் திங்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

எங்கள் வீட்டில் எட்டுப் பேர். அவள் கடைசியில் உட்காருவாள். அதற்குள் சட்டியில் வால் துண்டும் புளித்தண்ணியும்தான் கிடக்கும். "ராமேஸ்வரத்துல அதெல்லாம் நடக்கும்" என்றேன், அங்கே பழகியவன் மாதிரி.

விருதுநகரிலும் மானாமதுரையிலும் வண்டி மாறினோம். பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது சாயங்காலம். பக்கத்தில் சாலைப் பாலத்துக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. இரண்டு பக்கமும் தண்ணீர். கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு மறுகால் எங்கன இருக்கு?" என்று கேட்டாள். குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழிதான் மறுகால்; குளத்துக்காரி கேட்கக்கூடிய கேள்விதான்.

இரவு சத்திரத்தில் தங்கினோம். கோயிலைச் சுற்றி எல்லாமே சைவ ஓட்டல். சாப்பாடு மூன்று ரூபாய். சாம்பாரை யாத்திரிகர் கூட்டத்துக்கு ஏற்றபடி தண்ணீர் ஊற்றி நீட்டியிருந்தார்கள். கோமதி பாதி இலையில் எழுந்துவிட்டாள்.

சனிக்கிழமை விடியற்காலை, அவள் தூங்கும்போது, தீர்த்தத்துக்கு என்ன கட்டணம் என்று விசாரிக்க மட்டும் கோயிலுக்குப் போனேன். போர்டை வாசித்துக்கொண்டு நின்றேன். வாளியும் கயிறுமாக ஒருவர் வந்தார்.

"தனியாவா வந்திருக்கீங்க? இப்படி வாங்க. கிழக்கே பாத்து நில்லுங்க."

ஒருவர் நில்லு என்றால் நிற்பது பள்ளிக்கூடத்தில் படிந்த பழக்கம். கிழக்கே பார்த்து நின்றேன். தலையில் ஒரு வாளி விழுந்தது. அதற்கு மேல் என்ன சொல்ல? கிணறு கிணறாக இருபத்திரண்டு தீர்த்தமும் முடிந்த பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

சொட்டச் சொட்ட வந்தவனைக் கோமதி பார்த்தாள். "வெளிய மழையா?"

நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ ஒங்களுக்கு மீன் கெடையாது. எனக்கு உண்டு. என்னை மட்டும் எங்கயும் கெழக்க பாத்து நிக்கச் சொல்லாதீக" என்றாள்.

இனி, மலிவாகச் சாப்பிட நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கோயில் தெருவை விட்டுப் பாம்பனுக்குப் பஸ் ஏறுங்கள். ஏழெட்டு மைல்தான். ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகையில் ஆப்பம் இருபது பைசா, மேலே தேங்காய்ப்பால் கேட்டால் ஊற்றுகிறார்கள். அவித்த பனங்கிழங்கு கட்டு ஒரு ரூபாய். நம் ஊர்க் கிழங்கைவிடக் கொஞ்சம் உப்புக் கரிக்கிறது, மண்வாகு அப்படி. மீன் சோறு எங்கே கிடைக்கும் என்று ஆப்பக்காரரிடம் கேட்டேன்.

"ஓட்டல்ல எதுக்குத் தம்பி காசக் குடுக்குறீங்க? கரைக்குப் போங்க. கரைவலை இழுக்குறாக. ஒரு கை பிடிச்சா சோறு போடுவாக."

தென்கரையில், அவர் சொன்னபடியே, கடலுக்குள் அரைவட்டமாக வலை கிடந்தது. அதன் இரண்டு கயிற்று முனைகளையும் இரண்டு கூட்டம் கரையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தது. ஆண்களும் பெண்களும் சமமாக. இடுப்பில் ஒரு துண்டுக் கயிற்றைச் சுற்றி, அதைப் பெருங்கயிற்றில் கொக்கி போல மாட்டி, கடலைப் பார்த்தபடி பின்வாக்கில் நடக்கிறார்கள். வலைக்காரரின் மனைவி அந்தோணியம்மா பனைமர நிழலில் பெரிய பானையில் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

"நாங்களும் இழுக்கலாமா?" என்றாள் கோமதி, நான் வாய் திறக்குமுன்.

"வா ஆத்தா. இடுப்பு வலிக்கும், பரவாயில்லையா?" என்றார் அந்தோணியம்மா.

"கதிர் அறுத்த இடுப்புதான்."

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தீர்த்தமாடியவன் மீன் வலையைத் தொடலாமா? தின்பது மட்டும்தான் கூடாதா? கேட்க ஆளில்லை. எதற்கு வம்பு என்று இருவர் செருப்பையும் பையையும் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன்.

கோமதி சேலையை இழுத்துச் செருகிக் கயிற்றில் சேர்ந்தாள். முதலில் கரையைப் பார்த்து நின்று இழுத்தாள். பக்கத்துப் பெண் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். பிறகு கூட்டத்தின் நடை அவளுக்கும் பிடிபட்டது. வெயில் ஏறியது. வலை நெருங்க நெருங்க, அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்று இழுத்தாள். கடைசியில் வலையின் மடி கரையேறியபோது உள்ளே வெள்ளிக்காசு கொட்டினது போலக் காரல் மீனும் சாளையும் துள்ளின. என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

இழுத்தவர்களுக்கென்று ஒதுக்கிய மீனை அந்தோணியம்மா அங்கேயே அலசி, கொதிக்கும் குழம்பில் போட்டார். எல்லோரும் மணலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நானும் கோமதிக்குப் பக்கத்தில் உட்காரப் போனேன்.

"தம்பி, நீங்க கயிறு பிடிச்சீகளா?" என்றார் அந்தோணியம்மா.

"இல்லை. நான் தீர்த்தம்..." என்று தொடங்கினேன்.

"பிடிச்சவுகதான் மொதல்ல உக்காரணும். இங்க வழக்கம் அது. பாத்துக்கிட்டு நின்னவுக வெளம்பணும்." கரண்டி என் கைக்கு வந்தது.

"மீனைத் தொடக் கூடாதுன்னு..."

"கரண்டிதான தொடுது, நீங்களா தொடுறீக? எங்க காலம்பூரா இந்தக் கடல்ல, ஒங்க தீர்த்தத்துலதான் நிக்கோம். நாங்க எப்பதான் திங்கிறது?"

வரிசை முழுக்கச் சிரித்தது. நான் குனிந்து குனிந்து விளம்பினேன். கோமதியின் தட்டுக்கு வந்தபோது அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"குழம்பு இன்னும் ஊத்துங்க."

ஊற்றினேன்.

"துண்டு போடாம வெறும் குழம்ப ஊத்துதீக. அடியில கிண்டுங்க."

அடியில் கிண்டினேன். முழுக் காரல் இரண்டு வந்தது. அவள் முள்ளைப் பிரித்து, ஆவி பறக்கும் சோற்றோடு பிசைந்து, அவசரமில்லாமல் தின்றாள். யாருக்காவது தண்ணீர் வேண்டுமா என்று திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று முறை சோறு வாங்கினாள். எனக்கு அந்தோணியம்மா தேங்காய்த் துவையலும் சோறும் தந்தார். அதன் ருசி குறையில்லை. ஆனால் எனக்கு வயிறு அதற்கு முன்பே நிறைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தீர்த்த நாள். விடிந்ததும் கோமதி கேட்டாள்: "இன்னைக்கும் வலை இழுப்பாகளா?" இழுத்தார்கள். இந்த முறை சந்தேகத்தை மூட்டை கட்டிவிட்டு நானும் கயிறு பிடித்தேன். மீனை மட்டும் தொடவில்லை. தீர்த்தமாடாமலேயே அவள் தீவை விட்டுப் புறப்பட்டாள். தங்கல், தீர்த்தம், ரயில் போக, எங்கள் சாப்பாட்டுச் செலவு எல்லாம் சேர்ந்து பதினைந்து ரூபாயைத் தாண்டவில்லை.

பாலத்தில் வண்டி திரும்பி வரும்போது அவள் உள்ளங்கையில் கயிறு உரிந்த தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தீர்த்தம் ஆடினியான்னு அத்தை கேட்டா?"

"என்ன சொல்லுவே?"

"இடுப்பளவு தண்ணியில நின்னேன்னு சொல்லுதேன். பொய் இல்லையே." தடத்தை ஊதிவிட்டு, "அங்கன யாரும் என்னை எந்திரின்னு சொல்லல" என்றாள்.

அந்தத் தீவில் வழக்கம் அது. எங்கள் வீட்டில் வழக்கம் வேறு. இரண்டும் மனுஷர் போட்ட வரிசைதானே என்று வண்டி மானாமதுரை வரும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஊர் வந்து விளக்கேற்றியாயிற்று. அடுத்த ஞாயிறு வீட்டில் கெண்டைக் குழம்பு. கோமதி கரண்டியை எடுக்கப் போனாள். நான் அதை வாங்கிக்கொண்டு, அவளை அம்மா பக்கத்தில் உட்காரச் சொன்னேன். தம்பிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மா நிமிர்ந்தாள். "ஏலே, ஒனக்கு வெளம்பத் தெரியுமால?"

"தெரியும் அத்தை" என்றாள் கோமதி, தட்டைப் பார்த்தபடி. "அடியில கிண்டத்தான் சொல்லிக் குடுக்கணும்."